கேள்வி நேரம்: அட்டை மூலையில் ஒரு நட்சத்திரம்

கேள்வி: என் மருமகனுக்கு வேலை மாற்றல். மகள் குடும்பம் நியூ ஜெர்சியிலிருந்து டெக்ஸாஸுக்குக் குடிபோனது. போன 90 நாளுக்குள் பழைய ஓட்டுநர் உரிமத்தைக் கொடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்க வேண்டுமாம். அமெரிக்கா ஒரே நாடுதானே, ஏன் இந்த அலைச்சல்?

பதில்: ஒரே நாடுதான் அம்மா, ஆனால் அரசாங்கம் ஒன்றல்ல. வண்டி ஓட்ட உரிமம், கல்யாணப் பதிவு, டாக்டருக்கும் வக்கீலுக்கும் தொழில் அனுமதி எல்லாம் அங்கே மாநிலத்தின் பாடு. விசா, பாஸ்போர்ட், டாலர் நோட்டு, தபால், ராணுவம் வாஷிங்டனிடம், அதாவது மத்திய அரசிடம். மருமகனின் சம்பளச் சீட்டை வாங்கிப் பாருங்கள். நியூ ஜெர்சியில் மாநில வருமான வரி என்று ஒரு பிடித்தம் இருந்திருக்கும். டெக்ஸாஸில் அந்த வரியே கிடையாது. ஃபெடரல் (மத்திய அரசின்) வருமான வரிக்கு மட்டும் எங்கே போனாலும் தப்ப முடியாது.

அங்கே மாநிலங்கள் மூத்தவை, மத்திய அரசு இளையது. விடுதலையை அறிவித்த 13 மாநிலங்கள் 1781-இல் செய்துகொண்ட முதல் ஏற்பாட்டில் காங்கிரஸுக்கு (அவர்கள் நாடாளுமன்றத்துக்கு) வரி போடும் அதிகாரமே இல்லை. போர்ச் செலவுக்குக்கூட மாநிலங்களிடம் கையேந்த வேண்டும். அவை கொடுத்தால் உண்டு. இது கட்டுப்படியாகாது என்று 1787-இல் பிலடெல்பியாவில் கூடிப் புது அரசியல் சட்டம் எழுதினார்கள். காங்கிரஸ் எதையெல்லாம் செய்யலாம் என்று அதில் ஒரு பட்டியல் உண்டு. வரி, கடன், நாணயம், போர் என்று 18 உட்பிரிவுகள். அதற்கு வெளியே, மாநிலங்களுக்கும் தடை செய்யப்படாமல் மிஞ்சியதெல்லாம் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ சொந்தம் என்று 1791-இல் பத்தாவது திருத்தம் சொல்லிவிட்டது. நம் நாட்டில் இது தலைகீழ். மத்திய, மாநில, பொது என்ற மூன்று பட்டியலிலும் இல்லாத விஷயம் மத்திய அரசுக்குப் போய்விடும்.

புது உரிமம் வந்ததும் மேல் மூலையைப் பார்க்கச் சொல்லுங்கள், சின்னதாக ஒரு நட்சத்திரம் இருக்கும். அட்டை கொடுத்தது டெக்ஸாஸ், நட்சத்திரம் வாஷிங்டனின் விருப்பம். 2005-இல் வந்த ரியல் ஐடி சட்டம், 'இப்படித்தான் அட்டை அச்சிட வேண்டும்' என்று எந்த மாநிலத்துக்கும் உத்தரவு போடவில்லை. இந்த அடையாளம் இல்லாத உரிமத்தை விமான நிலையப் பாதுகாப்பில் ஏற்க மாட்டோம், பாஸ்போர்ட் போல வேறு எதையாவது காட்டுங்கள் என்றது, அவ்வளவுதான். சில மாநிலங்கள் முறைத்தன. கெடு தள்ளித் தள்ளிப் போய், நடைமுறைக்கு வந்தது 2025 மே 7-ஆம் தேதி. உத்தரவிட முடியாத இடத்தில் வேறு கதவு வழியாக வருவது வாஷிங்டனுக்குப் பழகிய வழி. அடுத்த கேள்வியும் அதே சங்கதிதான்.

கேள்வி: எல்லாம் மாநிலத்தின் இஷ்டம் என்றால், 21 வயதுக்குக் குறைந்தவர்கள் மது வாங்க முடியாது என்பது மட்டும் எல்லா மாநிலத்திலும் ஒன்றாக இருப்பது எப்படி?

பதில்: ஒவ்வொரு மாநிலமும் 'தானாக' அந்தச் சட்டத்தைப் போட்டுக்கொண்டது! மதுவிலக்கை 1933-இல் நீக்கியபோதே மதுவைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு மாநிலங்களிடம் வந்துவிட்டது. தெற்கு டகோட்டாவில் 19 வயதுப் பையன் 3.2 சதவீதம் வரை ஆல்கஹால் உள்ள பீரை வாங்க முடிந்தது. 1984-இல் காங்கிரஸ் ஒரு சட்டம் கொண்டுவந்தது. வயதை 21 ஆக்காத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் முதலில் 5 சதவீதம், பிறகு 10 சதவீதம் பிடித்தம்.

தெற்கு டகோட்டா வழக்குப் போட்டது. 1987-இல் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற கணக்கில் கைவிரித்துவிட்டது. பணம் கொடுப்பவர் நிபந்தனை போடலாம், வேண்டாமென்றால் பணத்தை விட்டுவிடுங்கள் என்பதுதான் தீர்ப்பின் சாரம். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்றால் நடக்குமா? கடைசியாக 1988-இல் வயோமிங்கும் இறங்கிவந்தது.

அதற்காக வாஷிங்டன் என்ன மிரட்டினாலும் செல்லும் என்றில்லை. ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் மருத்துவத் திட்டத்தை விரிவாக்க மறுக்கும் மாநிலத்துக்கு, ஏற்கெனவே வந்துகொண்டிருந்த மெடிக்கெய்ட் பணம் முழுவதையும் நிறுத்தலாம் என்று ஒபாமா காலத்துச் சட்டம் இடம் கொடுத்தது. 2012-இல் அதே நீதிமன்றம் இது கட்டாயப்படுத்துவது என்று தடுத்துவிட்டது. ஐந்து சதவீதத்தைக் காட்டினால் ஆசைகாட்டல், மொத்தத்தையும் பறித்தால் மிரட்டல். நடுவில் கோடு எங்கே என்று நீதிபதிகள் எண்ணாகச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது புத்திசாலித்தனம் என்பேன்.

கேள்வி: அமெரிக்க அதிபர் நினைத்தால் எந்தக் கொலைக் குற்றவாளியையும் மன்னித்து வெளியே விடலாமா?

பதில்: முடியாது. ஃபெடரல் சட்டப்படியான குற்றங்களை மட்டுமே அவர் மன்னிக்கலாம். பெரும்பாலான கொலை வழக்குகள் மாநிலச் சட்டத்தின் கீழ்தான் நடக்கின்றன. அங்கே ஆளுநரோ மாநில மன்னிப்பு வாரியமோ பார்த்துச் செய்தால்தான் உண்டு.

கேள்வி: 18 உட்பிரிவுதான் என்கிறீர்கள். பின்னே வாஷிங்டன் எப்படி இவ்வளவு பெரிதாக வளர்ந்தது?

பதில்: மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தலாம் என்று ஓர் உட்பிரிவு உண்டு. வளர்ச்சியில் பெரும்பங்கு அதற்குத்தான். நான் ஆசிரியராக இருந்தபோது கரும்பலகையில் குறுக்கே கோடு போட்டு, இது மத்திக்கு, அது மாநிலத்துக்கு என்று பத்து நிமிடத்தில் பாடத்தை முடித்துவிடுவேன். ஃபில்பர்ன் வழக்கைப் படித்த பிறகு அந்தக் கோட்டைப் போடவே கை வரவில்லை.

ரோஸ்கோ ஃபில்பர்ன் ஒஹையோ மாநிலத்து விவசாயி. கோதுமை விலை சரியாமல் இருக்க, யார் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று ஃபெடரல் அரசு அளவு வைத்திருந்த காலம். 1941 அறுவடைக்கு இவருக்கு அனுமதித்தது 11.1 ஏக்கர், இவர் விதைத்ததோ 23. கூடுதலாக விளைந்த 239 புஷலுக்கு (புஷல் அங்கே தானிய அளவை) 117 டாலர் 11 சென்ட் அபராதம். என் நிலத்தில் விளைந்து என் மாட்டுக்கும் கோழிக்கும் போகிற தானியம், இதில் மாநிலம் விட்டு மாநிலம் போகிற வணிகம் எங்கே வந்தது என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் 1942-இல் நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்ன பதில் வேறு: வீட்டிலேயே விளைவிப்பதால் நீ சந்தையில் வாங்காமல் போகிறாய், உன்னைப் போல ஆயிரம் பேர் செய்தால் நாடு முழுக்க விலை ஆடும்.

அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் எதைத்தான் வணிகம் இல்லை என்று சொல்வது? பள்ளிக்கு அருகே துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுத்த சட்டத்தையும் இதில் கொண்டுவரப் பார்த்தார்கள். இது வணிகமே அல்ல என்று 1995-இல் நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் பத்தே வருடத்தில், கலிபோர்னியாவில் மாநிலச் சட்டப்படி மருந்துக்காக வீட்டில் கஞ்சா வளர்த்தவர்கள் வழக்கில், ஃபில்பர்னின் கோதுமையையே காட்டி ஃபெடரல் தடைச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

அந்தத் தீர்ப்புக்குப் பிறகும் மாநிலங்கள் நிற்கவில்லை. 2012-இல் கொலராடோவும் வாஷிங்டன் மாநிலமும் (தலைநகர் வேறு) வாக்கெடுப்பு நடத்தி, மருந்துக்கு மட்டுமின்றிப் பொதுப் பயன்பாட்டுக்கும் கஞ்சாவை அனுமதித்தன, பின்னால் பல மாநிலங்கள் சேர்ந்துகொண்டன. ஃபெடரல் சட்டத்தை அமல்படுத்த மாநிலப் போலீஸைக் கட்டாயப்படுத்த முடியாது என்பதால் கடைகள் ஓடுகின்றன. கடைக்காரரிடம் மாநில உரிமம் இருக்கிறது, மாநிலத்துக்கு வரியும் கட்டுகிறார். ஆனால் ஃபெடரல் சட்டத்துக்குப் பயந்து பல வங்கிகள் அவருக்குக் கணக்குத் திறப்பதில்லை. ராத்திரி கடை சாத்தும்போது அன்றைய வசூலை நோட்டு நோட்டாக எண்ணி இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிறார்.