படித்து முடித்தால் உழைப்பு வருமா? களுவாஞ்சிகுடித் தாய் ஒருவருக்கு

அம்மா,

போன சனிக்கிழமை மகளின் மேற்படிப்பு பற்றிக் கேட்க நீங்கள் குடும்பத்தோடு வந்து போன பிறகு எனக்கு மனம் ஆறவில்லை. வெளியே இன்னும் மூன்று குடும்பங்கள் காத்திருந்ததால் அவசரமாகப் பேசி அனுப்பிவிட்டேன். எழும்பும்போது நீங்கள், "சேர், இவள் சட்டம் படிச்சு முடிச்சா உழைப்பு வருமா?" என்று கேட்டீர்கள். "வரும் அம்மா" என்றேன். அது பாதிப் பதில். மீதிப் பாதியை இங்கே எழுதுகிறேன். வாசிக்கும்போது மகளின் அப்பாவும் பக்கத்தில் இருந்தால் நல்லது. காசுக் கதை இதில் நிறைய வருகிறது.

முதலில் படிப்பு. எந்த வழியால் போனாலும் கடைசியில் கொழும்பு புதுக்கடையில் இருக்கும் இலங்கைச் சட்டக் கல்லூரியைத் தாண்டித்தான் ஆக வேண்டும். 1874 இல் தொடங்கிய கல்லூரி அது. ஒரு வழி, உயர்தரப் பெறுபேற்றோடு அதன் நுழைவுப் பரீட்சை எழுதி நேரே உள்ளே போவது. மொழித் தேர்ச்சியையும் பொது அறிவையும் அதில் சோதிப்பார்கள். மூன்று வருடப் படிப்பு, அதன்பின் ஒரு சிரேஷ்ட சட்டத்தரணியிடம் ஆறு மாதப் பயிற்சி. மற்ற வழி பல்கலைக்கழகம். கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் ஆகிய இடங்களில் சட்டப் பட்டம் உண்டு; அதற்கு உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளி கைகொடுக்க வேண்டும். அந்தப் பட்டத்தோடு வருபவர்களுக்கு நுழைவுப் பரீட்சை இல்லை, ஆனால் சட்டக் கல்லூரியின் இறுதிப் பரீட்சைகளும் பயிற்சியும் அவர்களுக்கும் உண்டு. திறந்த பல்கலைக்கழகத்திலும் சட்டமானி இருக்கிறது. வீட்டை விட்டுத் தூரம் போக முடியாத பிள்ளைகளுக்கு அது ஒரு வாசல். எந்த நிலையத்தில் வகுப்பு நடக்கிறது என்பதை மட்டக்களப்பு நிலையத்துக்கு நேரில் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்.

கொழும்பில் தனியார் நிறுவனங்கள் தரும் வெளிநாட்டுச் சட்டப் பட்டம் பற்றி மகள் கேட்டாள். அதை எடுத்த கையோடு இங்கே கோட்டில் நிற்க முடியாது. திரும்பவும் சட்டக் கல்லூரி வழியாகத்தான் வர வேண்டும். இலட்சக்கணக்கில் கட்டுவதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். வளவை ஈடு வைத்துக் கட்டிவிட்டுப் பிறகு அழுத ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும்.

இவ்வளவும் முடிந்து, உயர் நீதிமன்றத்தில் மகள் சத்தியப்பிரமாணம் செய்ததும், ஊர்ச் சந்தியில் மகளின் படத்தோடு பெனர் கட்டுவார்கள். கோயில் நிர்வாகம் பொன்னாடை போர்த்தும். அடுத்த திங்கட்கிழமை காலையில் மகள் கறுப்புக் கோட்டோடு நீதிமன்றத்துக்குள் போவாள். அங்கே அவளைத் தேடி ஒரு கட்சிக்காரரும் வந்திருக்க மாட்டார். நான் அன்று சொல்லாமல் விட்டது இதைத்தான்.

சட்டத்தரணி விளம்பரம் போட்டு ஆள் சேர்க்கக் கூடாது. ஒருவருக்குச் செய்த வேலையைப் பார்த்து இன்னொருவர் வர வேண்டும். அதற்குக் காலம் எடுக்கும். அதுவரை மகள் ஒரு சிரேஷ்டரிடம் கனிஷ்டராக இருப்பாள். வழக்கேடு பார்ப்பது, மோஷன் என்ற விண்ணப்பம் போடுவது, சத்தியக் கடதாசி தயாரிப்பது, சிரேஷ்டர் வேறு கோட்டில் நிற்கும்போது எழும்பித் தவணை கேட்பது, இவைதான் வேலை. கையில் கிடைப்பது பஸ் காசுக்கும் சாப்பாட்டுக்கும் சரியாக இருக்கும். சில மாதம் அதுவும் இருக்காது. சில சிரேஷ்டர்கள் தாராளமாகக் கொடுப்பார்கள், சிலர் வேலை பழக்குவதே சம்பளம் என்று நினைப்பார்கள். நான் பார்த்த பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு மூன்று, நான்கு வருடம் இப்படித்தான் போயிருக்கிறது. கூடப் படித்து ஆசிரியராகவோ வங்கி உத்தியோகத்தராகவோ போனவள் அதே காலத்தில் மாதச் சம்பளம் எடுத்துக்கொண்டிருப்பாள். வீட்டில் யாராவது அதைச் சொல்லிக் காட்டுவார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள் தொழிலை விட்டுப் போவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். பரீட்சையில் தோற்று விலகியவர்களை விட, எல்லாவற்றிலும் சித்தியடைந்த பிறகு வீட்டில் காசில்லாமல் விலகியவர்களைத்தான் நான் கூடுதலாகப் பார்த்திருக்கிறேன்.

அதனால் கொழும்புச் செலவுக்குக் கணக்குப் போடும்போதே அதற்குப் பிந்திய மூன்று வருடங்களுக்கும் சேர்த்துப் போடுங்கள். உங்கள் மூத்த மகனிடம் இப்போதே பேசுங்கள். மகளின் கலியாணப் பேச்சை அந்த வருடங்களுக்குள் அவசரப்பட்டுத் திணிக்காதீர்கள். அவளுக்கென்று கட்டத் தொடங்கிய வீடு பாதியில் நிற்பதாகச் சொன்னீர்கள். அது இன்னும் இரண்டு வருடம் அப்படியே நின்றால் குடி முழுகிவிடாது.

இனி வேலை எப்படி இருக்கும் என்பது. படத்தில் வருவது போல நீதிபதிக்கு முன்னால் கையை வீசிப் பேசும் நாட்கள் குறைவு. நம்முடைய பகுதியில் சட்டத்தரணியின் நாள் பெரும்பாலும் ஒரு சொப்பிங் பையோடுதான் தொடங்கும். வாகரையிலிருந்தோ திருக்கோவிலிலிருந்தோ ஒரு வயதான மனிசி அந்தப் பையைக் கொண்டுவந்து மேசையில் கொட்டுவார். பழைய உறுதியின் மங்கிய பிரதி, அரச காணி அனுமதிப்பத்திரம், புருசனின் மரணச் சான்றிதழ், கிராம சேவகரின் கடிதம், இரண்டு கரண்ட் பில், கோயில் ரசீது ஒன்று. எல்லாம் கலந்து கிடக்கும். அவர் கதையை நடுவிலிருந்து தொடங்குவார், அழுவார், இருபது வருடம் பின்னால் போவார். அந்தக் கதையிலிருந்து எது வழக்கு, எது வழக்கல்ல என்று பிரித்தெடுப்பதுதான் தொழில். அதற்குப் பொறுமையும் காதும் வேண்டும்.

காணிதான் இங்கே பெரிய பங்கு. பத்து வருடத்துக்கு மேல் தடையின்றி எதிர் உரித்தோடு, அதாவது சொந்தக்காரரின் உரிமையை ஏற்காமல் தன்னுடையதாகவே, ஒரு காணியை ஆண்டவர் அதற்கு உரிமை கோரலாம் என்று 1871 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. சண்டைக் காலத்தில் ஊரை விட்டு ஓடியவர்களின் வளவில் வேறு ஆட்கள் இருந்து, பத்து வருடம் தாண்டிவிட்ட கதை மட்டக்களப்பு, அம்பாறை என்ற நம் இரண்டு மாவட்டத்திலும் எத்தனை! அதற்காகவே 2016 இல் 5 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை ஆயுதக் குழுக்களின் நடவடிக்கையால் தன் காணிக்கு வழக்கு வைக்க முடியாமல் போனவருக்கு அந்தக் காலத்தைக் கணக்கில் எடுக்காமல் விடச் சொன்னது. ஆனால் அப்படி வழக்கு வைப்பதற்கும் அது ஒரு கால எல்லை போட்டிருந்தது. அந்த நேரத்தில் இப்படி ஒரு சட்டம் இருப்பதாகச் சொல்ல ஊரில் ஒருவர் இல்லாமல், காலம் தவறிப் போனவர்களும் உண்டு. உங்கள் மகளைப் போன்ற பிள்ளைகள் இந்தத் தொழிலுக்குப் போக வேண்டும் என்று நான் விரும்புவதற்கு இது ஒரு காரணம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தவருக்குத் தேசவழமை என்ற தனிச் சட்டம் இருக்கிறது. மட்டக்களப்பில் முன்பு முக்குவச் சட்டம் என்று, தாய்வழியாகச் சொத்து இறங்கும் வழமை இருந்தது. 19 ஆம் நூற்றாண்டில் அது சட்டமாக இருப்பது போய்விட்டது. இன்று நம் தமிழர்களுக்குப் பொதுச் சட்டம்தான். ஆனால் வழமை போகவில்லை. மகளுக்கு வீடு, மருமகன் பெண் வீட்டுக்கு வருவது, தாய் தகப்பன் சாகும்வரை அனுபவிக்கும் சீவிய உரித்தை வைத்துக்கொண்டு சீதன உறுதி எழுதுவது எல்லாம் உங்கள் வீட்டிலும் நடப்பதுதான். சட்டம் ஒன்று சொல்ல ஊர் இன்னொன்று செய்யும் இடத்தில்தான் பிணக்கு முளைக்கிறது. கொழும்பில் வளர்ந்த சட்டத்தரணிக்கு இதை விளங்கவைக்க ஒரு மணித்தியாலம் வேண்டும். மகளுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். இது அவளுடைய மூலதனம்.

உறுதி எழுதும் வேலையையும் யோசித்துக்கொள்ளுங்கள். காணி கைமாறுவதென்றால் உறுதி எழுத ஆணை பெற்ற நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுத வேண்டும் என்பது 1840 ஆம் ஆண்டிலிருந்து இருக்கிற சட்டம். சட்டத்தரணியானவர் விண்ணப்பித்து நொத்தாரிசு ஆணைப்பத்திரமும் எடுக்கலாம். வழக்கு இல்லாத மாதத்திலும் உறுதி, தங்களுக்காக இன்னொருவர் செயற்பட வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் அற்றோணித் தத்துவம் என்று ஏதோ ஒன்று வரும். பல குடும்பங்களின் அடுப்பு எரிவது அந்த வருமானத்தில்தான். ஆனால் பொறுப்புப் பெரிது. தெரியாத ஆளைத் தெரியும் என்று ஒரு கையெழுத்து வைத்தால், அந்த நொத்தாரிசே குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டி வரலாம்.

குடும்ப வழக்குகளும் நிறைய. 1999 ஆம் ஆண்டுத் தாபரிப்புச் சட்டத்தின் கீழ் பிள்ளைச் செலவு கேட்டு வரும் பெண்கள், 2005 ஆம் ஆண்டு வீட்டு வன்முறைச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கட்டளை கேட்டு வருபவர்கள். ஆண் சட்டத்தரணியிடம் வாய் திறக்காத சில விஷயங்களை ஒரு பெண் பிள்ளையிடம் அவர்கள் சொல்வார்கள். "கோடு, கச்சேரி என்று அலையிற வேலை பொம்பிளப் புள்ளைக்குச் சரிவருமா?" என்று நீங்கள் கேட்டதற்கு என் பதில் இதுதான். மட்டக்களப்பு, கல்முனை நீதிமன்றங்களில் இன்று பெண் சட்டத்தரணிகளைத் தாராளமாகப் பார்க்கலாம். சிரமம் இல்லை என்று சொல்லமாட்டேன். மறியலில் இருப்பவரைப் பார்க்கப் போக வேண்டி வரும், பொலிஸில் நிற்க வேண்டி வரும், சில பழைய ஆட்கள் "தங்கச்சி" என்று கூப்பிட்டு ஓரமாக இருத்தப் பார்ப்பார்கள். முதல் சிரேஷ்டரைத் தேர்ந்தெடுப்பதில் கவனமாக இருந்தால் இதில் பாதியைத் தாண்டிவிடலாம். பெயர் பெரிதா என்று பார்க்காதீர்கள். அவரிடம் பழகிய பெண் பிள்ளைகள் இன்று தனியாக நின்று தொழில் செய்கிறார்களா என்று விசாரியுங்கள்.

பொய் சொல்லும் தொழில் என்று மகளின் அப்பா மெதுவாகச் சொன்னார். அவர் மீது எனக்கு மரியாதை கூடியது. சட்டத்தரணி நீதிமன்றத்தைத் தவறாக வழிநடத்தக் கூடாது என்று விதி இருக்கிறது. மீறினால் பெயரையே பதிவிலிருந்து வெட்டலாம். தன் கட்சிக்காரர் சொன்ன இரகசியத்தைக் காப்பது வேறு, பொய்யை எழுந்து நின்று சொல்வது வேறு. அந்த வேறுபாட்டைக் காப்பாற்றியவர்களும் இருக்கிறார்கள், காப்பாற்றாதவர்களும் இருக்கிறார்கள். என் தகப்பனாரின் காணிப் பிரிவினை வழக்கு பதினொரு வருடம் போனது. முதலில் வைத்த சட்டத்தரணி ஒவ்வொரு தவணைக்கும் காசு வாங்கினார், என்ன நடக்கிறது என்று ஒருநாளும் சொல்லவில்லை. பிறகு வந்தவர் ஒரு பின்னேரம் எங்களை இருத்தி, "இந்த வழக்கில் உங்களுக்குக் கிடைக்கக் கூடியது இவ்வளவுதான், சமாதானமாகப் போங்கள்" என்றார். அவருக்கு அதனால் வருமானம் குறைந்தது. அவர் சொன்னபடிதான் கடைசியில் முடிந்தது. நான் எந்தப் பிள்ளைக்கும் சட்டம் பற்றிச் சொல்லும்போது அந்த இரண்டு பேரும் நினைவுக்கு வருவார்கள்.

மொழி பற்றி. வடக்கு கிழக்கில் நீதிமன்ற நடவடிக்கை தமிழில் நடக்கலாம் என்பதால் ஆங்கிலம் தேவையில்லை என்று சில ரியூஷன்காரர் சொல்கிறார்கள். நம்பாதீர்கள். சட்டக் கல்லூரிப் பரீட்சையை ஆங்கிலத்தில் மட்டும் நடத்தும் ஒழுங்குவிதியை 2023 இல் பாராளுமன்றம் நிராகரித்தது உண்மை. ஆனால் தீர்ப்பறிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். கொழும்பில் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனால் அங்கும் ஆங்கிலம். அம்பாறை நகரில் தொழில் செய்வதென்றால் சிங்களம் வேண்டும். மகளுக்கு சாதாரண தரத்தில் ஆங்கிலம் 'பி' இருக்கிறது, அது நல்ல தொடக்கம். உயர்தரப் பெறுபேறு வரும்வரை இருக்கிற மாதங்களில் தினமும் ஒரு ஆங்கிலப் பத்திரிகைச் செய்தியை வாசித்து அதைத் தமிழில் ஐந்து வரியில் எழுதட்டும். பேச்சுச் சிங்கள வகுப்பு ஒன்றுக்கும் விடுங்கள்.

கறுப்புக் கோட்டோடு நின்றால்தான் சட்டத்தரணி என்றும் இல்லை. அரச சட்டத்தரணியாகச் சட்டமா அதிபர் திணைக்களத்துக்குப் போகலாம், சில வருட அனுபவத்தோடு நீதிச்சேவைப் பரீட்சை எழுதலாம், வங்கிகளில் சட்ட உத்தியோகத்தராகலாம், சட்ட உதவி ஆணைக்குழுவில் வேலை செய்யலாம். அரசியலுக்குப் போனவர்களும் உண்டு. முஸ்லிம் காங்கிரஸ் கட்சியைத் தொடங்கிய, சம்மாந்துறையில் பிறந்த அஷ்ரப் அவர்களும் சட்டத்தரணிதான். மாதச் சம்பளம் கட்டாயம் வேண்டும் என்ற நிலை வீட்டில் இருந்தால் வங்கி வழியை வெட்கமில்லாமல் எடுக்கலாம்.

சரி, இப்போது செய்ய வேண்டியது ஒன்று. நீதிமன்றம் பெரும்பாலும் திறந்த மன்றம். பொதுமக்கள் பின் வாங்கில் இருந்து பார்க்கலாம். அடுத்த வாரம் மகளைக் கூட்டிக்கொண்டு களுவாஞ்சிகுடி நீதவான் நீதிமன்றத்துக்கு ஒருநாள், மட்டக்களப்பு மாவட்ட நீதிமன்றத்துக்கு ஒருநாள் போங்கள். போனை நிறுத்திவிட்டுக் காலையிலிருந்து மத்தியானம் வரை இருங்கள். சலிப்பாக இருக்கும், பெயர் கூப்பிடுவதும் தவணை போடுவதுமாகவே போகும். வெளியே வந்ததும் மகள் தான் பார்த்த ஒரு வழக்கை, யார், என்ன கேட்டார், நீதிபதி என்ன சொன்னார் என்று ஒரு பக்கத்தில் எழுதட்டும். நீங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டாம். அந்தக் கொப்பியோடு இரண்டு பேரும் இருபதாம் திகதி பின்னேரம் வாருங்கள், அன்றைக்கு வேறு யாரையும் வரச் சொல்லவில்லை.