பிரேக் பேட் மாற்றியபின் முன்சக்கரம் சுடுகிறதா? முதலில் ஹோஸைப் பாருங்கள்

சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிஸ்க்கை மாற்றலாமா என்று கேட்கிறீர்கள், இப்போதே மாற்றாதீர்கள். பேட் மாற்றிய மறுநாளே, கடலூரிலிருந்து புதுச்சேரி போய்ச் சேர்வதற்குள் இடது முன்சக்கரம் மட்டும் சுடுகிறது, கருகல் வாடை வருகிறது என்கிறீர்கள். பிரேக் பிடித்தது விடவில்லை. காரணத்தைச் சரிசெய்யாமல் புது டிஸ்க் போட்டால் அதுவும் வீணாகும்.

என் முதல் சந்தேகம் சக்கரத்துக்குப் பிரேக் ஆயில் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ்மேல். பேட் மாற்றும்போது, பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரைக் கழற்றி, கம்பியில் கட்டாமல் ஹோஸிலேயே தொங்கவிடும் கெட்ட பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. வெளியே கீறல்கூடத் தெரியாது, உள்சுவர் கிழிந்திருக்கும். மிதிக்கும்போது ஆயில் அழுத்தத்தில் உள்ளே போய்விடும், காலை எடுத்தால் திரும்பி வராது.

வண்டி ஆறியபின் சமதரையில் ஜாக்கி ஏற்றி, ஸ்டாண்டு வைத்து, மற்ற சக்கரங்களுக்குக் கல் கொடுங்கள். பிரேக்கை நாலைந்து முறை மிதித்துவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இறுகியிருந்தால் காலிப்பரில் ஆயிலை வெளியே விடும் ப்ளீடர் நட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள். ஆயில் பீய்ச்சிச் சக்கரம் விடுபட்டால் ஹோஸ்தான். அப்படியும் இறுக்கமா? காலிப்பர் நகர உதவும் பின் (pin) அல்லது பேடைத் தள்ளும் பிஸ்டன் சிக்கியிருக்கும். கடலூர் முதுநகர்ப் பக்கம் உப்புக்காற்றில் நிற்கும் வண்டி என்றால் அந்தப் பின் துருப்பிடித்திருக்கலாம். அதற்குச் சாதாரண கிரீஸ் வேண்டவே வேண்டாம், ரப்பர் உப்பிவிடும். சிலிக்கான் கிரீஸ் போடச் சொல்லுங்கள்.

பிரேக் ஆயில் பெயின்ட்டை உரித்துவிடும், பட்டால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள். நட்டைத் திறந்தால் காற்று புகுந்திருக்கலாம். ப்ளீடிங் செய்து, அதாவது அந்தக் காற்றை வெளியேற்றி, பெடல் கெட்டியாகும்வரை வண்டியை எடுக்காதீர்கள். டிஸ்க் நீலம் பாய்ந்திருந்தாலோ, அதில் பொறித்த குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே தேய்ந்திருந்தாலோ மாற்றத்தான் வேண்டும். ஹோஸை மாற்றினால், கழற்றிய பழையதைக் கேட்டு வாங்கி பில்லோடு வைத்துக்கொள்ளுங்கள், பேட் மாற்றிய இடத்தில் பணம் கேட்க உதவும்.