கதையில் எடுத்துரைப்பு என்றால் என்ன? அதனால் என்ன பயன்?

நடந்ததை யார், எங்கே நின்று, எந்த வரிசையில் சொல்கிறார் என்பதுதான் எடுத்துரைப்பு.

சென்னை காசிமேடு துறைமுகத்தில் விடிகாலை மீன் ஏலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். "வஞ்சிரக் கூடைக்கு நான் கேட்ட விலைக்கு மேல அந்தக்கா கேட்டுட்டாங்க" என்று மீன் விற்கும் அம்மா ஒருவர் சொன்னால், அது தன்மையில் சொல்வது. அவர் மனசு நமக்குத் தெரியும், எதிரே நிற்பவர் மனசு தெரியாது. அந்தத் தெரியாமைதான் நம்மைப் படிக்க வைக்கும். "இருவருக்குமே அன்று பணமுடை" என்று படர்க்கையில் எழுதினால் பதற்றம் குறைந்து, இருவர் மேலும் இரக்கம் வரும்.

இதைவிட முக்கியமாக எனக்குப் படுவது காலம். அதே காசிமேட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். "விசைப்படகுகள் கரையிலேயே கிடந்தன" என்று அதை ஒரே வரியில் தாண்டிவிடலாம். தடை முடிந்து முதல் படகு திரும்பும் பத்து நிமிடத்துக்கு மூன்று பக்கம் கொடுக்கலாம். எழுதுபவருக்கு எதில் அக்கறை என்பது அங்கேதான் தெரியும்.

தெருக்கூத்தில் கட்டியங்காரன் செய்வதும் இதுதான்: பாத்திரங்களை அறிமுகப்படுத்துவார், காட்சிகளை இணைப்பார். சரி, புதிதாக எழுதுகிறீர்களா? ஒரு காட்சி முடியும்வரை ஒருவர் கண் வழியாகவே சொல்லுங்கள்.