டாஷ்போர்டை மூடும் முன்: ஹீட்டர் பாக்ஸ் கேள்வி பதில்

பழைய காரைப் பிரித்துச் சரிசெய்து, ஹீட்டர் பாக்ஸை (காருக்குள் சூடான காற்றைத் தரும் பெட்டி) திரும்ப மாட்டும் கட்டத்தில் இருப்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

சார், பெயின்ட் முடிந்து பாடி வந்துவிட்டது. ஹீட்டர் பாக்ஸ் முதலிலா, டாஷ்போர்டு முதலிலா?

ஹீட்டர் பாக்ஸ்தான். அதற்கும் முன்னால் வைப்பர் மோட்டார், ஃபயர்வாலின் (இன்ஜினுக்கும் இருக்கைப் பகுதிக்கும் நடுவே உள்ள தகட்டுச் சுவர்) உட்புற ஒலித்தடுப்பு அட்டை, பாக்ஸின் பின்பக்கம் ஓடும் வயரிங் எல்லாம் மாட்டியாகிவிட வேண்டும். சில கார்களில் பாக்ஸ் இன்ஜின் பக்கம் இருக்கும். 1962 முதல் 1980 வரை வந்த எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் அப்படித்தான். முதலில் ஹீட்டரை வைத்துவிட்டு, அப்புறம் அதைச் சுற்றித்தான் காரைக் கட்டினார்கள் என்று அந்தக் கார் வைத்திருப்பவர்கள் அலுத்துக்கொள்வார்கள். அது போன்ற காரில் இன்ஜினைக் காருக்குள் வைக்கும் முன்பே பாக்ஸை வைத்துவிடுங்கள்.

எந்தக் காராக இருந்தாலும் டாஷ்போர்டு ஏறிய பிறகு உள்ளே ஒரு சின்ன கசிவு என்றாலும் எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டும். அதனால் சோதனை முழுவதையும் மேஜையிலேயே முடித்துவிட வேண்டும்.

பழைய கோரையே போடலாமா? பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

கோர் என்பது பாக்ஸுக்குள் இருக்கும் சின்ன ரேடியேட்டர்; இன்ஜினின் சூடான கூலன்ட் அதற்குள் ஓடும். பார்வையை நம்பாதீர்கள், அழுத்தம் கொடுத்துப் பாருங்கள். அதற்கு முன் உள்ளே கழுவ வேண்டும். தோட்டக் குழாயைக் குறைந்த வேகத்தில் வைத்து, முதலில் ஒரு பக்கமாக, பிறகு எதிர்ப்பக்கமாகத் தண்ணீர் விடுங்கள். பழுப்பு நிறத் தண்ணீர் தெளியும் வரை விட வேண்டும். இரண்டு பக்கமும் தண்ணீர் தாராளமாகப் போகவில்லை என்றால் பாதிக் குழாய்கள் அடைத்திருக்கின்றன என்று அர்த்தம்.

அப்புறம் ஒரு முனையை அடைத்து, மறு முனையில் ஹோஸ் மாட்டி, சைக்கிள் பம்பால் காற்றடித்துத் தண்ணீரில் அமிழ்த்துங்கள். ரேடியேட்டர் மூடியில் போட்டிருக்கும் அளவைவிட 2, 3 பிஎஸ்ஐ கூட இருந்தால் போதும். பழைய கார்களில் மூடி பெரும்பாலும் 7 முதல் 15 பிஎஸ்ஐக்குள் இருக்கும். அதற்கு மேல் வீரம் காட்டினால் நல்ல கோரும் பிளந்துவிடும். அமிழ்த்தியதும் தகடுகளுக்கு நடுவே சிக்கிய காற்று குபுகுபு என்று வரும், பயப்பட வேண்டாம். கோரை நன்றாக உலுக்கிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். அதன் பிறகும் ஒரே இடத்திலிருந்து மணி கோத்தது போல் குமிழி வந்தால் அங்கேதான் ஓட்டை. பெரும்பாலும் குழாய் தொட்டியோடு சேரும் ஈயப்பற்றில் இருக்கும். பச்சை கலந்த வெள்ளைப் பொருக்கு அதைக் காட்டிக்கொடுக்கும்.

சோதனையில் தேறிய செம்பு, பித்தளைக் கோரை நான் மாற்றச் சொல்ல மாட்டேன். மலிவான புதிய கோரைவிட அது மேல். புதியது வாங்கினாலும் இதே சோதனையைச் செய்யுங்கள். பெட்டியிலிருந்து எடுத்த கையோடு மாட்டுவது சூதாட்டம்.

ஹீட்டர் போட்டால் கறுப்புத் தூள் பறக்கிறது. மோட்டாரா?

மோட்டார் இல்லை, ஃப்ளாப்பில் (பாக்ஸுக்குள் காற்றைத் திருப்பிவிடும் கதவு) ஒட்டியிருந்த ஃபோம் மட்கி உதிர்கிறது. பாக்ஸைப் பிரித்து, பழைய பசையைச் சுத்தமாக எடுத்துவிட்டு, தண்ணீர் உறிஞ்சாத மூடிய துளை ஃபோம் ஒட்டுங்கள். பஞ்சு மாதிரி ஃபோம் ஈரத்தைப் பிடித்துவைத்துத் தகட்டைத் துருப்பிடிக்க வைக்கும். கோரைச் சுற்றியும் ஃபோம் வேண்டும். அங்கே இடைவெளி விட்டால் காற்று கோருக்குள் போகாமல் ஓரமாக ஓடிவிடும். இன்ஜின் கொதித்தாலும் காலுக்குச் சூடு வராது. ஒட்டிய பிறகு இருட்டு அறையில் பாக்ஸுக்குள் டார்ச்சை வைத்து ஃப்ளாப்பை மூடுங்கள். வெளிச்சக் கீற்று தெரியும் இடத்தில் காற்றும் போகும்.

ஒரு எச்சரிக்கை: பழைய கார்களின் சில கேஸ்கெட்டிலும் வெப்பத்தடுப்பு அட்டையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். நார் நாராக இருந்தால் உலர்ந்த நிலையில் சுரண்டவோ தேய்க்கவோ வேண்டாம். தெரிந்தவர்களிடம் விட்டுவிடுங்கள்.

தகர பாக்ஸுக்குப் பவுடர் கோட்டிங் செய்யலாமா?

செய்யலாம். ஆனால் அது பெயின்டைவிடத் தடிமன். ஃப்ளாப் அச்சு நுழையும் துளைகளையும் திருகு துளைகளையும் மறைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஃப்ளாப் இறுகிவிடும்.

ப்ளோயர் (காற்றடிக்கும் விசிறி) சுற்றுகிறது, காற்று மட்டும் மந்தம். பாசிட்டிவ் எர்த் காரை நெகட்டிவ் எர்த்தாக மாற்றியிருக்கிறேன்.

அங்கேதான் விஷயம். பாசிட்டிவ் எர்த் என்றால் பேட்டரியின் பாசிட்டிவ் முனை கார் பாடியோடு இணைந்திருக்கும்; நெகட்டிவ் எர்த்தில் நெகட்டிவ் முனை. நிலைக்காந்தம் வைத்த மோட்டாரில் மின் இணைப்பு மாறினால் சுற்றும் திசையும் மாறும். ப்ளோயரில் இருக்கும் உருளை வடிவ அணில்கூண்டு விசிறி தலைகீழாகச் சுற்றினாலும் கொஞ்சம் காற்று தள்ளும், அதனால்தான் பலருக்குச் சந்தேகமே வருவதில்லை. இரண்டு வயர்களையும் மாற்றிக் கொடுங்கள். ஒரு முனை மோட்டார் உடலோடு எர்த் ஆகியிருந்தால் மட்டும் முதலில் அதைத் தனியாக்க வேண்டும். உள்ளே காந்தத்துக்குப் பதில் சுருள் இருந்தால் திசை மாறாது, காரணத்தை வேறு இடத்தில் தேடுங்கள்.

அதிவேகம் மட்டும்தான் வேலை செய்கிறது.

ப்ளோயரின் வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் எரிந்திருக்கும். அது காற்றோட்டத்தில்தான் குளிர்கிறது. அதனால் மேஜையில் சோதிக்கும்போது குறைந்த வேகத்தில் நெடுநேரம் ஓட்ட வேண்டாம்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது என்ன? சிலிக்கான் தடவலாமா?

இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளேயிருந்து பாக்ஸைத் தாங்க, இன்னொருவர் இன்ஜின் பக்கம் நட்டுகளைக் கையாலேயே பிடிக்கவைக்க வேண்டும். எல்லா நட்டும் பிடித்த பிறகே முறுக்குங்கள். சிலிக்கான் வேண்டாம், அடுத்த முறை கழற்றுகிறவர் சபிப்பார். காயாத பியூட்டைல் பட்டை (ரப்பர் போன்ற ஒட்டும் பட்டை) நல்லது.

கோரின் குழாய்களுக்கு ரப்பர் மூடி போட்டுப் பாக்ஸை உள்ளே கொண்டுபோங்கள். ஹோஸ் கிளிப்பை அளவாக இறுக்குங்கள். செம்புக் குழாய் சீக்கிரம் நசுங்கும். பாக்ஸின் அடியில் வடிகுழாய் இருந்தால் அது ஃபயர்வாலைத் தாண்டி வெளியே வருகிறதா என்று இப்போதே பாருங்கள். ஃப்ளாப்பை இயக்கும் கேபிளை மாட்டும்போது ஃப்ளாப்பை முழுதாக மூடி, லீவரை அதன் கடைசி இடத்திலிருந்து 2, 3 மில்லிமீட்டர் முன்னால் நிறுத்தி, வெளியுறையைக் கிளிப்பால் பிடியுங்கள். அப்போதுதான் லீவர் முட்டும் முன் ஃப்ளாப் முழுதாக மூடும்.

பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் கோர் எங்கே இருக்கிறது?

இல்லை. காற்றால் குளிரும் இன்ஜின் அது. எக்ஸாஸ்டைச் சுற்றியுள்ள வெப்பப் பரிமாற்றியிலிருந்து சூடான காற்று வரும். அதில் ஓட்டை விழுந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரலாம், அலட்சியம் வேண்டாம்.

எல்லாம் மாட்டியாயிற்று. காலடி ஈரமாக இருக்கிறது.

விரலால் தொட்டுப் பாருங்கள், வாயில் மட்டும் வைக்காதீர்கள். கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம். வழவழப்பும் இனிப்பு வாடையும், கண்ணாடியின் உட்புறத்தில் எண்ணெய்ப் படலமும் இருந்தால் கூலன்ட் கசிகிறது. வெறும் தண்ணீர் என்றால் கண்ணாடிக்குக் கீழே காற்று நுழையும் தொட்டியின் வடிகால் இலைகளால் அடைத்திருக்கும், அல்லது ஃபயர்வால் கேஸ்கெட் சரியாக உட்காரவில்லை.

கசிவு இல்லை, சூடும் இல்லை.

பெரும்பாலும் ஏர் லாக், அதாவது கூலன்ட் ஓடும் வழியில் சிக்கிய காற்று. காரின் முன்பக்கத்தை உயர்த்தி, ஹீட்டர் வால்வை முழுதாகத் திறந்து, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைக் கழற்றிக் கூலன்ட்டை மெதுவாக நிரப்புங்கள். அப்புறம் இன்ஜினை ஓட விட்டு, தெர்மோஸ்டாட் திறந்ததும் இரண்டு ஹீட்டர் ஹோஸையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் சூடு என்றால் காற்று போய்விட்டது; இனி ஃப்ளாப் கேபிளைப் பாருங்கள். ஒன்று சூடு, ஒன்று குளிர் என்றால் வால்வு திறக்கவில்லை, அல்லது கோர் அடைத்திருக்கிறது.