நாய்க்கு ஊசி போட்டாயிற்று, குழந்தைக்கு?

கேள்வி: எங்கள் மகனுக்கு மூன்றரை வயது. மூன்று வாரங்களுக்கு முன்பு காப்பகம் ஒன்றிலிருந்து ஒன்றரை வயது நாட்டு நாய் ஒன்றைத் தத்தெடுத்து வந்தோம். நாய் முடி வயிற்றுக்குள் போனால் கட்டி வரும் என்று மாமியார் பயமுறுத்துகிறார். ஆஸ்துமா வருமா, உண்ணி ஏறுமா, முகத்தை நக்கினால் பூச்சி வருமா என்று இணையத்தில் தேடித் தேடி எனக்குத் தூக்கமே போய்விட்டது. குழந்தையின் கையில் வட்டமாக ஒரு தடிப்பு வந்திருக்கிறது. மருந்துக் கடையில் கொடுத்த களிம்பைத் தடவுகிறோம். ஐந்து நாள்களுக்கு முன்பு நாயின் தட்டில் இவன் கை வைத்தபோது அதன் பல் புருவத்துக்கு மேலே லேசாகப் பட்டுவிட்டது. ஒரு சொட்டு ரத்தம்தான். மஞ்சள் வைத்ததும் நின்றுவிட்டது. நாய்க்கு எல்லா ஊசியும் போட்டிருப்பதால் பயமில்லை என்கிறார் கணவர். மாமியாருக்குத் தெரிந்தால் நாயை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடச் சொல்வார். குழந்தையுடன் நாயை வைத்திருக்கலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோயம்புத்தூர்

பதில்: நீங்கள் கேள்வியாகக் கேட்டவற்றில் எதுவும் என்னைக் கவலைப்படுத்தவில்லை. கேள்வியாகவே கேட்காமல், களிம்புக்கும் மாமியாருக்கும் இடையில் போகிற போக்கில் எழுதியிருந்தீர்களே, அந்த ஒரு சொட்டு ரத்தம்தான் கவலைக்குரியது. அதனால்தான் இந்தப் பதில் அச்சில் வரும்வரை காத்திராமல், மின்னஞ்சல் கிடைத்த அன்றே ஆசிரியர் குழுவினர் மூலம் உங்களை அழைத்து, குழந்தையை உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும்படி சொன்னேன். நீங்களும் அன்று மாலையே சென்றுவிட்டீர்கள். ரேபிஸ் எனும் வெறிநாய்க்கடி நோய் வராமல் தடுக்க, காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் (கிருமியை உடனே எதிர்க்கும் ஆயத்த எதிர்ப்புப் பொருள்), அதன்பின் தடுப்பூசியின் மூன்று தவணைகளும் போட்டாகிவிட்டன. ஆகவே, இனி எழுதப்போவது உங்களை அச்சுறுத்துவதற்காக அல்ல. இதே நிலையில், இதே காரணத்தால் வாய் திறக்காமல் இருக்கும் மற்ற வீடுகளுக்காகவும்தான்.

நாயின் பல்லோ நகமோ தோலைக் கிழித்து ரத்தம் வந்துவிட்டால், அது ஒரு சொட்டாக இருந்தாலும், உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் மூன்றாம் வகைக் காயம். அதாவது மிகக் கடுமையான வகை. ரத்தம் வராத சிராய்ப்பும் மெல்லிய நகக்கீறலும் இரண்டாம் வகை. அதற்கும் தடுப்பூசி உண்டு. காயமில்லாத தோலை நாய் நக்குவதும், நாயைத் தொடுவதும், அதற்குச் சோறு வைப்பதும் முதல் வகை. அதற்குப் பட்ட இடத்தைக் கழுவினால் போதும். காயத்தின் நீள அகலத்தைப் பார்த்து 'லேசானது' என்று வீட்டில் முடிவு செய்வதற்கு இந்த வகைப்பாட்டில் இடமே கிடையாது. அதிலும் உங்கள் மகனுக்குப் பல் பட்ட இடம் புருவம். ரேபிஸ் கிருமி ரத்தத்தின் வழியாகப் பரவுவதில்லை. நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளையை நோக்கி ஏறுகிறது. காலில் கடித்தால் அது கடக்க வேண்டிய தொலைவு அதிகம். முகத்தில் கடித்தால் மிகக் குறைவு. சிறு குழந்தையின் முகம் நாயின் வாய் உயரத்திலேயே இருப்பதால், பெரியவர்களுக்குக் கையிலும் காலிலும் படுகிற கடி குழந்தைகளுக்குத் தலையிலும் முகத்திலும் படுகிறது. ரேபிஸ் இருக்கலாம் என்று சந்தேகிக்கப்படும் விலங்குகளிடம் கடிபடுவோரில் சுமார் 40 சதவீதத்தினர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இந்த நோய் ஒருமுறை தலைகாட்டிவிட்டால் பிழைத்தவர்கள் உலகிலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தாம். ஆனால், உரிய நேரத்தில் முறையாகச் சிகிச்சை எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய முழுமையாகத் தடுத்துவிடலாம்.

இப்போது உங்கள் கணவரின் வாதத்துக்கு வருகிறேன். படித்தவர்கள் வீட்டில்தான் இதை அதிகம் கேட்கிறேன். நாய்க்குப் போட்ட ஊசி நாய்க்கானது. அது குழந்தையின் உடம்பில் வேலை செய்யாது. தொலைபேசியில் நீங்கள் படித்துக் காட்டிய தடுப்பூசி அட்டையின்படி, ரேபிஸ் ஊசி காப்பகத்தில் போடப்பட்டது தத்தெடுப்பதற்கு ஒரு வாரம் முன்புதான். தெருவில் வளர்ந்த ஒரு நாய்க்கு அதற்கு முன்பு எப்போது, யாரிடம், எந்த விலங்கிடம் என்ன நேர்ந்தது என்பது யாருக்கும் தெரியாது. கிருமி ஏற்கெனவே உள்ளே புகுந்திருந்தால், பிறகு போட்ட அந்த ஒற்றை ஊசி அதைத் தடுத்துவிடும் என்று நம்ப முடியாது. நோய் வெளிப்படச் சில வாரங்களும் ஆகலாம், சில மாதங்களும் ஆகலாம். காப்பகத்தைக் குறை சொல்லவில்லை. அவர்கள் செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறார்கள். அட்டையில் ஒட்டியிருக்கும் அந்தச் சிறு வில்லையைக் குழந்தைக்கான உத்தரவாதச் சீட்டாக எடுத்துக்கொண்டது நீங்கள்தான்.

உங்கள் மின்னஞ்சலின் உண்மையான பயம் ரேபிஸ்கூட அல்ல என்று நினைக்கிறேன். மருத்துவமனைக்குப் போனால் செய்தி மாமியாருக்குத் தெரியும், தெரிந்தால் நாய் வீட்டை விட்டுப் போகும், மகன் அழுவான், கொண்டுவந்தது யார் என்ற பேச்சு எழும். இவற்றுக்குப் பயந்துதான் ஐந்து நாள்கள் கடந்திருக்கின்றன. உங்கள் மாமியாரிடம் இந்தப் பத்தியை அப்படியே காட்டுங்கள். அம்மா, பேரன் மீதுள்ள அக்கறையில்தான் பேசுகிறீர்கள். ஆனால், கடித்த நாயைக் கொண்டுபோய் விட்டுவிடுவது பேரனுக்குச் செய்யும் கெடுதல். நாயின் உமிழ்நீரில் ரேபிஸ் கிருமி இருக்கிறது என்றால், அந்த நாய்க்குச் சில நாள்களில் நோய் வெளிப்பட்டு, அது இறந்துவிடும். கடித்த நாளிலிருந்து பத்து நாள்கள் நாய் நலமாக நடமாடினால், கடித்த நேரத்தில் அதன் உமிழ்நீரில் கிருமி இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். நாயை ஊருக்கு வெளியே விட்டுவிட்டால் இந்த உறுதியை யாரிடம் போய்க் கேட்பது? கடித்தது தெருநாய் என்றால் இந்த வாய்ப்பே நமக்குக் கிடைப்பதில்லை. வீட்டு நாயிடம் கிடைக்கிறது. அதற்காகக் குழந்தைக்கு ஊசி போடாமல் பத்து நாள்கள் காத்திருக்கலாம் என்று பொருளல்ல. ஊசி முதல் நாளே தொடங்க வேண்டும். கவனிப்பு அதோடு சேர்ந்து நடக்க வேண்டும்.

அந்தப் பத்து நாள்களில் எதைக் கவனிப்பது? வாயில் நுரை தள்ளிக்கொண்டு கண்டதையெல்லாம் கடிக்கும் நாயைத்தான் எல்லாரும் எதிர்பார்க்கிறார்கள். எனக்கு அதைவிடப் பயம் தருவது சாதுவாகிவிடும் நாய். நேற்றுவரை வாலை ஆட்டிக்கொண்டு வந்த நாய் கட்டிலுக்கு அடியில் இருட்டில் போய்ப் படுத்துக்கொள்ளும், சோற்றையும் தண்ணீரையும் பார்க்கும், விழுங்க முடியாது, குரைப்பு கம்மிப்போய் வேறு குரலாக ஒலிக்கும், கீழ்த்தாடை தொங்கி எச்சில் ஒழுகும், பின்னங்கால்கள் தள்ளாடும். தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று நினைத்து அதன் வாய்க்குள் கையை விட்டுத் துழாவுகிற குடும்பங்கள் உண்டு. ஒருபோதும் அதைச் செய்யாதீர்கள். இந்த அறிகுறிகளில் ஒன்று தெரிந்தாலும் நாயைத் தனி அறையில் அடைத்துவிட்டு, கால்நடை மருத்துவரையும் குழந்தைக்கு ஊசி போடும் மருத்துவரையும் அன்றே அழையுங்கள். உங்கள் நாய் பத்து நாள்களைத் தாண்டி, தட்டை நக்கிக் காலி செய்துகொண்டு நலமாக இருக்கிறது என்று அறிந்தேன். நல்லது.

முதலுதவியாக மஞ்சள் வைத்ததைப் பற்றி ஒரு வார்த்தை. மஞ்சளாவது பரவாயில்லை என்று சொல்லும் அளவுக்கு, சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் அப்பிய நாய்க்கடிகள் வெளிநோயாளர் பிரிவுக்கு வந்துகொண்டேயிருக்கின்றன. காயத்தைக் கரிக்கும் எதுவும் கிருமியை இன்னும் ஆழமாகத் தள்ளத்தான் உதவும். ரேபிஸ் கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது. கொழுப்பைக் கரைக்கும் சாதாரணக் குளியல் சோப்பே அதைக் குலைத்துவிடும். குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடங்கள் கழுவ வேண்டும். குழந்தை அழும், கடிகாரம் நகராததுபோல் இருக்கும். இருந்தாலும் பதினைந்து நிமிடங்கள். கட்டுப் போட வேண்டாம். தையலையும் கூடுமானவரை தவிர்ப்போம். மந்திரிப்பது, வேர் அரைத்துக் கொடுப்பது, ஒரு மண்டலம் பத்தியம் இருப்பது ஆகியவற்றால் போகும் நேரம் திரும்பக் கிடைக்காது. தடுப்பூசிக் காலத்தில் குழந்தைக்கு முட்டையும் கொடுக்கலாம், தயிர்ச்சாதமும் கொடுக்கலாம்.

தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பழைய திகிலும் உங்கள் வீட்டில் உலவுவதாகச் சொன்னீர்கள். ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்தப் பழைய மருந்தின் உற்பத்தி இந்தியாவில் 2004ஆம் ஆண்டோடு நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசமாகவே போடப்படுவது, தோலுக்குள் செலுத்தும் 0.1 மில்லி மருந்துதான். இரண்டு கைகளிலும் ஒவ்வொன்று, 0 (முதல் ஊசி போடும் நாள்), 3, 7, 28 ஆகிய நாள்களில். பெரியவர்களுக்கும் குழந்தைக்கும் அளவு ஒன்றே. உங்கள் மகனுக்கு 28ஆம் நாள் தவணை பாக்கியிருக்கிறது. நாய் நன்றாகத்தானே இருக்கிறது, இனி எதற்கு என்று கேட்கிறீர்கள். போட்டு முடித்துவிடுங்கள். இதே வீட்டில் இதே நாயோடு வளரப்போகிற பிள்ளை. தொடரை முழுமையாக முடித்த குழந்தைக்கு மறுபடி ஒருநாள் பல் பட்டால் இரண்டே தவணைகள் போதும், காயத்தைச் சுற்றிப் போடும் அந்த வலி மிகுந்த இம்யூனோகுளோபுலின் தேவையில்லை.

மற்றவற்றை விரைவாகவே முடித்துவிடலாம். நாய் முடியால் வயிற்றில் கட்டி வராது. விழுங்கிய ஒன்றிரண்டு முடி மலத்தோடு போய்விடும். உங்கள் மாமியாரின் தலைமுறை கண்ட கட்டி பொய்யல்ல, காரணம்தான் வேறு. ஆட்டின் பச்சை ஈரலையும் குடலையும் தின்ற நாயின் குடலில் ஒருவகை நாடாப்புழு வளரும். அதன் முட்டை மலத்தின் வழியாக வந்து மனிதர் வயிற்றுக்குள் போனால் ஈரலில் நீர்க்கட்டி உண்டாகும். ஆகவே, இறைச்சிக் கடைக் கழிவைப் பச்சையாக நாய்க்குப் போடாதீர்கள். கால்நடை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் நாய்க்குக் குடற்புழு நீக்க மருந்து கொடுங்கள். நாயின் உருண்டைப்புழு முட்டை, மலத்தோடு வெளியே விழுந்த உடனே தொற்றாது. மண்ணில் இரண்டு வாரங்களுக்கு மேல் கிடந்து முற்ற வேண்டும். அன்றன்று மலத்தை அள்ளிவிட்டு, சாப்பிடும் முன் குழந்தையின் கையைச் சோப்பால் கழுவினால் அந்தக் கதை முடிந்தது. இரவில் ஆசனவாயைச் சொறிய வைக்கும் கீரிப்பூச்சிக்கும் நாய்க்கும் சம்பந்தமே இல்லை. அது மனிதரிடமிருந்து மனிதருக்கு வருவது. உண்ணி கண்ணில் பட்டால் இடுக்கியால் பிடித்து எடுங்கள், விரலால் நசுக்காதீர்கள். ஆஸ்துமா பற்றி நள்ளிரவில் படிப்பதை நிறுத்திவிட்டு, பகலில் குழந்தை ஓடி விளையாடும்போது கவனியுங்கள். இளைப்போ விடாத இருமலோ இருந்தால் அழைத்து வாருங்கள், இல்லையென்றால் ஒன்றுமில்லை.

நாயை வைத்திருக்கலாம். ஆனால், மூன்றரை வயதுக் குழந்தையையும் மூன்று வாரம் முன்பு வந்த நாயையும் ஒரே அறையில் விட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போகக் கூடாது. ஒன்று உங்களோடு வர வேண்டும். நாய் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் குழந்தை அருகில் செல்லக் கூடாது. தட்டைத் தனி இடத்தில், கதவுக்கு அந்தப் பக்கம் வையுங்கள். நாய் உடம்பை விறைத்துக்கொள்வது, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓரக்கண்ணால் வெள்ளை தெரியப் பார்ப்பது, உறுமுவது ஆகியவை 'தள்ளிப் போ' என்று அது சொல்வதன் அடையாளங்கள். உறுமியதற்காக அதை அடித்தால், அடுத்த முறை உறுமாமலே கடிக்கும்.

கடைசியாக, அந்த வட்டத் தடிப்பு. நீங்கள் அனுப்பிய படத்தில் ஓரம் சிவந்து, நடுப்பகுதி வெளிறியிருக்கிறது. படர்தாமரையாக இருக்கலாம், நாயிடமிருந்தும் வந்திருக்கலாம், அதனால் ஆபத்தில்லை. ஆனால், மருந்துக் கடைக்காரர் கொடுத்த களிம்பில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. குழாயின் பின்புறம் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள். முதல் சில நாள்கள் சிவப்பு மறைந்து குணமானதுபோலத் தோன்றும், பிறகு இரண்டு மடங்காகப் பரவும். இன்றே அதை நிறுத்திவிட்டு, தோல் மருத்துவரிடம் குழந்தையின் கையைக் காட்டுங்கள். நாயின் உடம்பில் முடி உதிர்ந்த திட்டு ஏதும் இருந்தால் அதையும் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இல்லையென்றால் குழந்தைக்குச் சரியானது மறுபடியும் தொற்றிக்கொள்ளும்.