15 வயதில் 58.9 வினாடி: மகளை விளையாட்டுப் பள்ளிக்கு அனுப்பலாமா?

கேள்வி: எங்கள் வீடு மலேசியாவில், பினாங்கு பட்டர்வொர்த்தில். மகளுக்கு 15 வயது, அடுத்த ஆண்டு நான்காம் படிவம். ஓட ஆரம்பித்து இரண்டு வருடம்தான் ஆகிறது. இந்த ஆண்டு மாநிலப் பள்ளிகளுக்கான திடல்தடப் போட்டியில் 400 மீட்டரை 58.9 வினாடியில் ஓடி இரண்டாவதாக வந்தாள். கோலாலம்பூரில் இருக்கும் விளையாட்டுப் பள்ளிக்கு முயற்சி செய்யுங்கள் என்று அங்கே வந்திருந்த ஒரு கோச் சொன்னார். இப்போது பயிற்சி தரும் பள்ளி ஆசிரியையும் நல்லவர்தான். என் கணவரோ, "ஓடி யார் சோறு சாப்பிட்டார்கள்? ஐந்தாம் படிவ எஸ்பிஎம் தேர்வு கெட்டுப்போகும்" என்கிறார். மகள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நாங்கள் என்ன செய்வது?

பதில்: சகோதரி, முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். இப்போது அனுப்ப வேண்டாம். எஸ்பிஎம் முடியும்வரை அந்த ஆசிரியையிடமே ஓடட்டும். உங்கள் கணவர் சொல்கிற காரணம் வேறு, என் காரணம் வேறு. உங்கள் மகள் ஓட்டத்தில் தூரம் போக வேண்டும் என்று நினைப்பதால்தான் நல்ல எஸ்பிஎம் வேண்டும் என்கிறேன்.

58.9 வினாடி என்றால் என்ன என்று பார்ப்போம். இரண்டே வருடப் பயிற்சியில் வந்த நேரம் என்றால் அது நல்ல நேரம், சந்தேகமில்லை. 2022இல் நம் நாட்டு ஓட்டக்காரி ஷெரீன் சாம்சன் வல்லபோய் 51.80 வினாடியில் ஓடி, 29 ஆண்டுகளாக நின்ற ரபியா அப்துல் சலாமின் தேசியச் சாதனையை முறியடித்தார். அந்தச் சாதனை நேரமே பாரிஸ் ஒலிம்பிக்கின் நேரடித் தகுதிக்குப் போதாது. அதற்குக் கேட்கப்பட்டது 50.95. பாரிஸில் மரிலெய்டி பௌலினோ தங்கம் வென்ற நேரம் 48.17. உங்கள் மகளுக்கும் தேசியச் சாதனைக்கும் நடுவே ஏழு வினாடி இருக்கிறது. 400 மீட்டரில் ஏழு வினாடி என்பது ஒன்றிரண்டு வருடத்தில் குறைகிற விஷயம் இல்லை. சரியாகப் போனால் ஐந்தாறு வருடம் பிடிக்கும். அதாவது அவளுக்கு இருபது, இருபத்தொரு வயது ஆகும்போதுதான் அவள் எப்படிப்பட்ட ஓட்டக்காரி என்று நமக்கே தெரியும்.

அந்த ஐந்தாறு வருடத்தை அவள் எங்கே கழிக்கப்போகிறாள் என்பதுதான் முக்கியமான கேள்வி. ஷெரீன் அமெரிக்காவில் வினோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே ஓடியவர். அவருடைய அப்பா அம்மா இருவருமே நாட்டுக்காக ஓடியவர்கள். 2022இல் இளையோர் உலகப் போட்டியில் 100 மீட்டரை 10.09 வினாடியில் ஓடிய அசீம் ஃபாமி பிறகு சேர்ந்ததும் அமெரிக்காவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில். பதினெட்டு வயதுக்குப் பிறகு நல்ல டிராக், பிசியோ, கோச், வாராவாரம் போட்டி எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கிற வழி இன்று பல்கலைக்கழகம்தான். அங்கே நுழையப் பாடங்களில் தேர்ச்சி வேண்டும், ஆங்கிலம் வேண்டும். முழு உபகாரச் சம்பளம் கிடைப்பது அபூர்வம். பாதி, கால் என்று பிரித்துத்தான் பெரும்பாலும் தருவார்கள். பாடத்தில் நல்ல மதிப்பெண் இருந்தால் மீதியைக் கல்வி உதவித்தொகையாகக் கேட்க முடியும். உள்ளூர்ப் பல்கலைக்கழகம் என்றாலும் சேர்க்கைக்கான யூபியூ கணக்கில் 90 விழுக்காடு பாடம், 10 விழுக்காடு புறப்பாடம். அவளுடைய மாநிலப் பதக்கத்துக்கு அந்தப் பத்தில் மதிப்பு உண்டு. சான்றிதழை இன்றைக்கே ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.

உங்கள் கணவரிடம் டாக்டர் ஜெகதீசனைப் பற்றிப் பேசுங்கள். அவருக்குத் தெரிந்த பெயராகத்தான் இருக்கும். மருத்துவம் படித்துக்கொண்டே ஓடியவர். 1960, 1964, 1968 என மூன்று ஒலிம்பிக் பார்த்தவர். 1966 பாங்காக் ஆசியப் போட்டியில் 100, 200, தொடர் ஓட்டம் என மூன்று தங்கம். 1968இல் மெக்ஸிகோவில் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடினார். அந்தச் சாதனையை 2017இல்தான் கைருல் ஹஃபீஸ் முறியடித்தார். ஓடி முடித்த பிறகு சுகாதார அமைச்சில் துணைத் தலைமை இயக்குநர்வரை உயர்ந்தார். அதே பாங்காக்கில் 400 மீட்டரில் தங்கம் வென்றவர் நம்ம எம். ராஜாமணி. உங்கள் மகள் ஓடுகிற அதே தூரம். அந்த ஆண்டு நாட்டின் சிறந்த விளையாட்டு வீராங்கனை விருதும் அவருக்குத்தான். மகளுக்கு ராஜாமணியைத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். தெரியாது என்றால் நீங்களே சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு இது தெரியாமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அப்புறம், "ஓடி யார் சோறு சாப்பிட்டார்கள்" என்ற கேள்வி. நியாயமான கேள்வி, பூசி மெழுகாமல் சொல்கிறேன். உலகத் தடகளப் போட்டியில் தங்கம் வென்றால் 70,000 அமெரிக்க டாலர். எட்டாவதாக வந்தால் 5,000. 2024இல் டைமண்ட் லீக் என்ற சர்வதேசத் தடகளத் தொடரின் போட்டி ஒன்றில் வென்றால் 10,000, இறுதிப் போட்டியில் 30,000. இதில் ஏஜெண்டுக்குப் பொதுவாக 15 விழுக்காடு போகும். பயணம், பிசியோ, வரி எல்லாம் மீதியில்தான். முதல் எட்டுக்குள் வராத நூற்றுக்கணக்கான ஒலிம்பிக் வீரர்களுக்குப் பரிசுப் பணம் என்று ஒன்றுமே கிடையாது. காலணி நிறுவன ஒப்பந்தம்தான் பலருக்கும் சோறு போடுகிறது, அதுவும் நிச்சயமில்லை. அமெரிக்க ஓட்டக்காரி அலிசன் ஃபீலிக்ஸ் அப்போதே ஆறு ஒலிம்பிக் தங்கம் வென்றிருந்தார். தாயான காலத்தில் தன் ஸ்பான்சர் 70 விழுக்காடு குறைத்துத் தர முன்வந்ததாக 2019இல் வெளிப்படையாக எழுதினார். அவருக்கே அந்த நிலை.

நம் நாட்டில் ஒலிம்பிக் தங்கத்துக்குப் பத்து லட்சம் ரிங்கிட்டும் மாதம் 5,000 ரிங்கிட் ஓய்வூதியமும் உண்டு. ஆசியப் போட்டித் தங்கத்துக்கு 80,000, சீ விளையாட்டுத் தங்கத்துக்கு 20,000. தேசியப் பயிற்சித் திட்டத்தில் இருக்கும்போது மாதப்படி வரும். தேர்ச்சி குறைந்தாலோ நீண்ட காயம் வந்தாலோ அது நின்றுபோகலாம். படி என்பது சம்பளம் ஆகாது. ஈபிஎஃப் என்ற சேமநிதிக்குப் பிடிப்பார்கள் என்று நாமே நினைத்துக்கொள்ளாமல் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆகவே உங்கள் கணவரின் பயத்தில் பாதி உண்மை. முப்பது வயதில் ஸ்பைக்ஸைக் கழற்றும்போது கையில் ஒரு படிப்பு இருக்க வேண்டும். அந்தப் படிப்பும் ஓட்டமும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போக முடியும் என்பதுதான் அவர் பார்க்காத மீதிப் பாதி.

விளையாட்டுப் பள்ளி மோசம் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். கோலாலம்பூரின் புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி 1996 முதல் நடக்கிறது. நாட்டுக்காகத் தடை ஓட்டம் ஓடிய மரினா சின் அங்கே முதல்வராகவே இருந்திருக்கிறார். ஊரில் டிராக் இல்லை, கோச் இல்லை, வீட்டில் சாப்பாட்டுக்கே சிரமம் என்றால் நானே அனுப்பச் சொல்வேன். முதல் படிவத்தில் போகிற பிள்ளைக்கு அந்த வாழ்க்கை பழகிப்போகும். நான்காம் படிவத்தில் புதுப் பாடங்கள், புது விடுதி, புதுக் கோச், இரண்டு மடங்கு பயிற்சி எல்லாம் ஒரே ஜனவரியில் வந்து விழுந்தால் எங்கோ ஓரிடத்தில் உடையும். பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே உடையும். அப்படியும் குடும்பமாகப் பேசிப் போகட்டும் என்று முடிவெடுத்தால், சேர்க்கும் முன் அங்கே கேளுங்கள்: ஐந்து வருடம் முன்பு 400 மீட்டர் குழுவில் இருந்த பெண்களில் இன்று எத்தனை பேர் ஓடுகிறார்கள், மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்? உயிரியலும் கூடுதல் கணிதமும் எடுக்க முடியுமா? தமிழ்மொழிப் பாடத்துக்கு ஆசிரியர் உண்டா? காயம்பட்டுத் திட்டத்திலிருந்து விலக்கினால் எந்தப் பள்ளிக்குத் திரும்புவாள்? பெண் பிள்ளைகளுக்கு மசாஜ் செய்வது யார், அப்போது உடன் இருப்பது யார்? இந்தக் கடைசிக் கேள்விக்கு முகம் சுளிக்கிற கோச்சிடம் பிள்ளையை விடாதீர்கள்.

இனி உடம்பு. நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இங்கேதான் நல்ல ஓட்டக்காரிகளை நாம் இழக்கிறோம். 14 முதல் 17 வயதுக்குள் பெண் பிள்ளைகளின் உடல்வாகு மாறும். நேரம் ஒரு வருடம் நகரவே நகராது. சில சமயம் பின்னால்கூடப் போகும். இது இயல்பு. அந்த வருடத்தில் யாராவது "எடையைக் குறை" என்று சொல்லிவிட்டால் பிள்ளை சோற்றைக் குறைக்க ஆரம்பிப்பாள். ஓடுகிற அளவுக்குச் சாப்பிடாத உடம்பு முதலில் மாதவிடாயை நிறுத்தும், பிறகு எலும்பிலிருந்து எடுத்துச் செலவழிக்கும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இலேயே இதற்கு ஒரு பெயர் வைத்து எச்சரித்திருக்கிறது. மூன்று மாதம் தொடர்ந்து வரவில்லை என்றால், அல்லது 15 வயது முடிந்தும் முதல் மாதவிடாய் வரவில்லை என்றால், மருத்துவரிடம் காட்டுங்கள். "ஓடுகிற பிள்ளைக்கு அப்படித்தான்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் வலி என்று சொன்னால் நீங்களே பார்க்கலாம். கணைக்கால் எலும்பின் உள்பக்க ஓரமாக முழங்காலிலிருந்து கணுக்கால்வரை கட்டைவிரலால் மெல்ல அழுத்திக்கொண்டே வாருங்கள். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் தசையும் சவ்வும் களைத்திருக்கிறது. ஓய்வு கொடுத்து, ஓட்டத்தைக் குறைத்தால் பொதுவாக அடங்கும். இருபது காசு அளவு ஒரே இடத்தில் "ஆ" என்று காலை இழுத்துக்கொண்டால், அல்லது ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தால், எலும்பில் விரிசல் ஆரம்பித்திருக்கலாம். அன்றோடு ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். பத்து காவான் விளையாட்டரங்கில் நாளைக்குப் போட்டி இருந்தாலும் சரி.

இரும்புச்சத்தையும் கவனியுங்கள். மாதவிடாய், வியர்வை, கடும் பயிற்சி மூன்றும் சேர்ந்து அதைக் கரைக்கும். வருடம் ஒருமுறை ஃபெரிட்டின் (உடம்பு சேமித்து வைத்திருக்கும் இரும்புச்சத்து) அளவையும் சேர்த்து இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். வெள்ளிக்கிழமையும் புரட்டாசி முழுக்கவும் சைவம் என்றால் பருப்பு, கீரை, சுண்டலோடு எலுமிச்சையோ கொய்யாவோ சேரட்டும். சாப்பாட்டோடு தே தாரிக் வேண்டாம்; தேநீர் இரும்புச்சத்தைச் சேரவிடாது, ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுக்கிறாள் என்றால் தாராளமாக எடுக்கட்டும். ஒருவேளைச் சாப்பாட்டு விரதத்தோடு கடும் பயிற்சி மட்டும் வேண்டாம். ஆசிரியையிடம் முன்பே சொல்லி அந்த நாட்களில் பயிற்சியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, கை மருந்து. நம் வீடுகளில் பாட்டிமார்கள் அன்போடு எதையாவது அரைத்துக் கொடுப்பார்கள். பத்தாவாலி என்ற மூலிகைக் கொடியில் ஹிஜெனமைன் என்ற பொருள் இருக்கிறது. அது உலக ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனத்தின் தடைப் பட்டியலில் உள்ளது. பெயர் தெரியாத லேகியம், ஜாமு, ஜிம்மில் விற்கிற பவுடர் எதுவும் வேண்டாம். சோதனையில் அகப்பட்டால் "பாட்டி கொடுத்தது" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. உடம்புக்குள் போனதற்கு ஓட்டக்காரரேதான் பொறுப்பு. பயிற்சி முடிந்ததும் ஒரு முட்டை, ஒரு வாழைப்பழம், ஒரு கிளாஸ் மைலோ. இந்த வயதுக்கு அது போதும்.

மகளிடம் "வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் கதவைச் சாத்திக்கொள்வாள். இரண்டு வருடத்துக்கு என்ன வேலை இருக்கிறது என்று காட்டுங்கள். ஆசிரியையிடம் அவளுடைய முதல் 200 மீட்டரையும் கடைசி 200 மீட்டரையும் தனித்தனியாக நேரம் எடுக்கச் சொல்லுங்கள். முதல் பாதி 27, இரண்டாம் பாதி 31.9 என்று வந்தால் வேகம் இருக்கிறது, தாக்குப்பிடிக்கும் பலம் இன்னும் வரவில்லை என்று அர்த்தம். நன்கு பயிற்சி பெற்றவர்களுக்கு அந்த வித்தியாசம் இரண்டு மூன்று வினாடிதான். அங்கேயே அவளுக்குக் குறைக்க நேரம் கிடக்கிறது, அதற்குக் கோலாலம்பூர் தேவையில்லை. வாரத்தில் ஐந்து நாளுக்கு மேல் பயிற்சி வேண்டாம். ஒரு நாள் முழு ஓய்வு கட்டாயம். ஒரே போட்டியில் 200, 400, 800, இரண்டு தொடர் ஓட்டம் என்று பள்ளிக்காகப் பிழிவார்கள். இரண்டு தனி ஓட்டம், ஒரு தொடர் ஓட்டத்தோடு நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தூக்கம், பயிற்சி, வலி, மாதவிடாய் நான்கையும் அவளே எழுதட்டும்.

அந்தக் கோச்சிடமும் தொடர்பை விட வேண்டாம். "எஸ்பிஎம் முடிந்ததும் அவளைப் பாருங்கள், அதுவரை ஒவ்வொரு போட்டி நேரத்தையும் உங்களுக்கு அனுப்புகிறோம்" என்று சொல்லுங்கள். அக்கறையுள்ள கோச் என்றால் சரி என்பார். அடுத்த மாநிலப் போட்டிக்கு உங்கள் கணவரையும் அழைத்துப் போங்கள்; 250 மீட்டர் குறி பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். 400 மீட்டர் கடினமாவது அங்கிருந்துதான், மகள் என்ன செய்கிறாள் என்று அவர் நேரில் பார்த்ததே இல்லை என்று நினைக்கிறேன்.