கவர் பேண்டில் பாஸ் கிட்டார் வாசிக்கச் சேர்கிறேன். முதல் ரிகர்சலுக்கு எப்படித் தயாராவது?

கேட்டவரின் நிலைமை இது: வீட்டில் பாட்டைப் போட்டுவிட்டுக் கூடவே வாசித்த பழக்கம் உண்டு, குழுவில் வாசித்ததில்லை. 80களின், 90களின் தமிழ்த் திரைப்பாடல்களை வாசிக்கும் ஒரு சென்னைக் குழு கூப்பிட்டிருக்கிறது. இருபது பாட்டுக்குப் பட்டியலும் வந்துவிட்டது. இன்னும் ஒரு வருடம் பழகிவிட்டுப் போகலாமா என்று தயங்குகிறார்.

தயங்க வேண்டாம், போய்ச் சேருங்கள். மெல்லிசைக் கச்சேரிகளில் நெடுநாளாக பாஸ் வாசித்து வருகிறேன். குழுவில் வாசிக்கும் பழக்கம் குழுவில் வாசித்தால்தான் வரும், வீட்டில் எத்தனை வருடம் உட்கார்ந்தாலும் வராது. ஆனால் இருபது பாட்டையும் ஒரே மாதிரி படிக்க ஆரம்பிக்காதீர்கள். முதலில் பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள்: பாஸ் வரியே பாட்டின் ஒரு பகுதியாக இருக்கும் பாட்டுகள் ஒரு பக்கம், பாஸ் தாளத்தோடு சேர்ந்து தாங்கிப் பிடித்தால் போதும் என்கிற பாட்டுகள் இன்னொரு பக்கம்.

முதல் பக்கத்தில் வருபவை பெரும்பாலும் இளையராஜா பாட்டுகளாகத்தான் இருக்கும். வயலினுக்கும் குழலுக்கும் எழுதுவது போலவே பாஸுக்கும் நோட்ஸ் எழுதிக் கொடுப்பவர் அவர். அவரிடம் நீண்ட காலம் பாஸ் வாசித்தவர் சசிதரன். 1982இல் வந்த ‘இளைய நிலா’வை நல்ல ஹெட்ஃபோனில் ஒரு முறை பாஸை மட்டும் தொடர்ந்து கேளுங்கள். மேலே கிட்டார் ஓடிக்கொண்டிருக்க, கீழே பாஸ் தனியாக ஒரு மெட்டுப் பாடிக்கொண்டு போகும். இப்படிப்பட்ட பாட்டில் வெறும் ரூட் நோட்டை (கார்டு எனும், சேர்ந்து ஒலிக்கும் நோட்டுத் தொகுப்பின் அடிப்படை நோட்டை) வாசித்தால் கேட்பவருக்கு என்ன குறைகிறது என்று சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ குறைகிறது என்று நிச்சயம் தெரியும். பட்டியலில் இந்த வகையில் எத்தனை இருக்கிறதோ, உங்கள் நேரத்தில் பெரும்பங்கை அவற்றுக்கே கொடுங்கள். வேகத்தைக் குறைத்து, ஸ்கேல் (சுருதி) மாறாமல் ஓடவிடும் ஆப்கள் இருக்கின்றன. அதில் போட்டு, ஒவ்வொரு நோட்டாக எடுங்கள்.

இரண்டாவது வகைக்கு வேறு வேலை. அங்கே நோட்டை விட பாட்டின் அமைப்புதான் முக்கியம். நம் பாட்டுகளில் சரணத்துக்கு முன் வரும் இசைப் பகுதியான இன்டர்லூட், முதலாவதும் இரண்டாவதும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. வீட்டில் ஒரிஜினலோடு சேர்ந்து வாசிக்கும்போது அது நம்மைக் கைப்பிடித்துக் கூட்டிப்போய்விடும். மேடையில் அந்தக் கை இருக்காது. அதனால் பாட்டுக்கு ஒரு பக்கம் என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள்: என்ன ஸ்கேல், தாளம் நாலா சிக்ஸ் எயிட்டா, பல்லவிக்கு முன் எத்தனை பார் (தாளச் சுற்று), ஒவ்வொரு இன்டர்லூடும் எத்தனை பார், எந்த இடத்தில் எல்லோரும் நிறுத்துகிறார்கள், முடிவு எப்படி. அடுத்தவர் எழுதியதை ஜெராக்ஸ் எடுக்காதீர்கள். நீங்களே எண்ணி எழுதினால்தான் மனதில் நிற்கும்.

போன் ஸ்பீக்கரில் கேட்டு பாஸ் எடுக்கவே கூடாது. பாஸ் கிட்டாரின் தடித்த கம்பி, திறந்து வாசித்தால் சுமார் 41 ஹெர்ட்ஸ். போன் ஸ்பீக்கர் அவ்வளவு கீழே இறங்காது. நாம் கேட்பது மேலே இருக்கும் ஹார்மானிக்ஸை (அதே நோட்டோடு சேர்ந்து எழும் மேல் அதிர்வுகளை) மட்டும்தான். அதை நம்பினால் எந்த ஆக்டேவ் (ஸ்தாயி) என்பதே மாறிப்போகும்.

இனி ரிகர்சலுக்குப் போகும் முன் போனிலேயே கேட்டுக்கொள்ள வேண்டியவை. ஒன்று, இத்தனை நாள் பாஸ் யார் வாசித்தார்கள்? பல குழுக்களில் கீபோர்டு வாசிப்பவரே இடது கையில் பாஸையும் பார்த்துக்கொள்வார். நீங்கள் வந்த பிறகும் அந்தக் கை பழக்கத்தில் கீழே போய்க்கொண்டே இருக்கும். கீழ் ஸ்தாயியில் இரண்டு பேர் வாசித்தால் இரண்டு பேருடையதும் தெளிவாகக் கேட்காது. அதோடு, கீபோர்டில் சி மேஜர் கார்டு பிடித்திருக்கும்போது நீங்கள் கீழே ஏ வாசித்தால் மொத்தமும் ஏ மைனர் செவன்த் ஆகிவிடும். கார்டின் பெயரையே மாற்றும் இடம் அது, ஒருவர் கையில்தான் இருக்க வேண்டும். "அண்ணே, இந்தப் பாட்டுல லெஃப்ட் ஹேண்ட் நான் பாத்துக்கட்டுமா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். பாட்டுப் பாட்டாகக் கேளுங்கள், மொத்தமாக வேண்டாம். சின்த் பாஸ் (கீபோர்டில் எழும் மின்னணு பாஸ் ஒலி) வரும் பாட்டுகளில் அவர் வாசிப்பதே நன்றாக இருக்கும், அங்கே நீங்கள் விட்டுக்கொடுங்கள்.

இரண்டு, யார் எந்தப் பாட்டை எத்தனை கட்டையில் பாடுகிறார்கள்? ஒரிஜினல் ஸ்கேலிலேயே பாடுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். ரிகர்சலில் நடுவே பாடகி திரும்பிப் பார்த்து, "அண்ணா, அரைக் கட்டை இறக்கிக்கலாமா?" என்பார். கீபோர்டுக்காரர் ஸ்கேலை மாற்றும் டிரான்ஸ்போஸ் பட்டனை ஒரு தட்டு தட்டிவிட்டு அடுத்த நொடி தயார். உங்களுக்கு அந்தப் பட்டன் இல்லை. பாட்டு மூன்று கட்டையில், அதாவது இ ஸ்கேலில் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். இதுவரை திறந்த தடித்த கம்பியை அடித்தாலே ரூட் நோட் கிடைத்தது. இரண்டரைக் கட்டைக்கு இறங்கியதும் அந்த நோட் நாலு கம்பி பாஸில் கீழே கிடையாது. ஏ கம்பியில் ஆறாவது ஃப்ரெட்டுக்கு (கிட்டார் கழுத்தில் உள்ள கட்டத்துக்கு) போய் ஒரு ஆக்டேவ் மேலே வாசிக்க வேண்டும். ஐந்து கம்பி பாஸ் இருந்தால் பி கம்பியில் நாலாவது ஃப்ரெட். இங்கே இவ்வளவு பேர் ஐந்து கம்பி வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நாலு கம்பிதான் இருக்கிறதா? பரவாயில்லை. வீட்டில் பழகும்போதே திறந்த கம்பியைத் தவிர்த்து, கையை நகர்த்தினால் அப்படியே நகரும் விரலமைப்பில் பழகுங்கள். ஒவ்வொரு பாட்டையும் அரைக் கட்டை மேலேயும் கீழேயும் ஒரு முறையாவது வாசித்துப் பாருங்கள்.

ரிகர்சலில் எங்கே நிற்பது? டிரம்ஸ்காரரின் கால் தெரிகிற இடத்தில். கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) விழும்போது உங்கள் நோட்டும் விழ வேண்டும். டிரம்ஸ் இல்லாமல் தபேலாவோடு போகும் பாட்டில் டக்காவின் (தபேலா ஜோடியில் கீழ் ஒலி தரும் பெரிய பக்கத்தின்) கும்காரத்தைக் கவனியுங்கள். அது உங்கள் இடத்திலேயே ஒலிப்பது, அதனால் அங்கே நோட்டைக் குறைத்து வாசிப்பதுதான் அழகு. நோட் எங்கே தொடங்குகிறது என்பதை எல்லோரும் பார்ப்பார்கள். எங்கே நிற்கிறது என்பதில்தான் நல்ல பாஸ் வாசிப்பு இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். ஸ்னேர் (குச்சியால் அடிக்கும் சின்ன டிரம்) விழும் இடத்தில் கம்பியை அமுக்கி நிறுத்திப் பாருங்கள். அதே நோட்டுகள்தான், ஆனால் பாட்டு நடக்க ஆரம்பிக்கும். முடிந்தால் முழுக் குழுவும் வருவதற்கு அரை மணி முன்பே டிரம்ஸ்காரரை வரச்சொல்லி, இருவர் மட்டும் நாலைந்து பாட்டு வாசித்துவிடுங்கள்.

சாமான் விஷயம் சுருக்கமாக: ட்யூனர், கூடுதலாக ஒரு கேபிள், ஆக்டிவ் பாஸ் (உள்ளே பேட்டரியில் ஓடும் சர்க்யூட் உள்ளது) என்றால் புதிய 9 வோல்ட் பேட்டரி. வாசிக்காதபோது கேபிளைப் பிடுங்கி வையுங்கள். செருகியே இருந்தால் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும். மேடையில் ஆம்ப் இருக்குமா, டிஐ பாக்ஸ் (பாஸின் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) வழியாக நேரே மிக்ஸருக்குப் போகிறதா என்று முன்பே கேளுங்கள். ஆம்ப் இல்லை என்றால் மானிட்டரில் (வாசிப்பவர் கேட்பதற்கான ஸ்பீக்கரில்) உங்கள் பாஸும் கிக்கும் வரவேண்டும் என்று சவுண்ட் செக்கிலேயே சொல்லிவிடுங்கள், அப்புறம் கேட்க நேரம் கிடைக்காது. பணம், போக்குவரத்து, சாப்பாடு எல்லாம் சேரும் அன்றே பேச வேண்டியவை. அதில் கூச்சம் வேண்டாம்.

முதல் கச்சேரியில் ஒன்று நடக்கக்கூடும்: பாடகர் இரண்டாவது சரணத்தை விட்டுவிட்டு நேராகப் பல்லவிக்கு வந்துவிடுவார். நோட்டுப் புத்தகத்தில் எழுதியதை அந்த நிமிடமே மறந்துவிட்டு அவரோடு பல்லவிக்குப் போங்கள். ரூட் நோட்டும் கிக்கும் பல்லவிக்கு வந்துவிட்டால் மற்றவர்கள் இரண்டு பாருக்குள் பின்னால் வந்து சேர்ந்துவிடுவார்கள்.